கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம்

என் அம்மா 1984-இல் கல்யாணமாகி திருவொற்றியூருக்கு வந்தார். வந்த நாளிலிருந்து இன்றுவரை அதே தெரு, அதே வீடுதான். ஆனால் இந்த நாற்பது வருடத்தில் அவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். வந்தபோது அது செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் மாவட்டத்தைப் பிரித்ததும் திருவள்ளூர். 2018-இல் சென்னை. தபால்காரருக்கு மட்டும் எப்போதுமே சென்னை 600019. "நாம இப்ப எந்த ஊரு டா?" என்று 2018-இல் அம்மா கேட்டார். "சென்னைம்மா" என்றேன். "அப்போ இத்தினி நாளா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு படிவத்தில் 'மாவட்டம்' என்ற பெட்டியை வைத்தால், அதற்குக் கீழே பட்டியல் விரிய வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் போக வேண்டும் என்று எழுதுவது என் வேலை. இந்தப் பெட்டியை இதுவரை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது ஒரு முகவரி விவரம், அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வட சென்னையில் யாருடைய நுரையீரலுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது.

இந்தக் கட்டுரை வட சென்னையைப் பற்றியது. ஆனால் கானா, கேரம், குத்துச்சண்டை, மீன் வாசனை எதுவும் இதில் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் தலைமுறை இலக்கிய வாசகர்களுக்கு வட சென்னை ஒரு 'உணர்வு' ஆகிவிட்டது. 'மெட்ராஸ்' 2014-இல் வந்தது, 'வட சென்னை' 2018-இல் வந்தது, 'சார்பட்டா பரம்பரை' 2021-இல் வந்தது. மூன்றும் எனக்குப் பிடித்த படங்கள். ஆனால் அந்தப் படங்களைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளில் ஒன்றில்கூட வட சென்னை எங்கே முடிகிறது என்ற கேள்வி என் கண்ணில் படவில்லை. நம் மனசில் இருக்கும் வரைபடம் காசிமேட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே பத்து கிலோமீட்டருக்கும் மேல் ஊர் இருக்கிறது, ஜனம் இருக்கிறது, ஆறு இருக்கிறது. அதற்கும் வடக்கே ஒரு கோடு இருக்கிறது. என் சண்டை அந்தக் கோட்டோடுதான்.

*

முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

ராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர். வலது பக்கம் முழுக்கக் கடல். அந்தக் கடல் அங்கே இருப்பதே ஒரு கணக்குப் பிழையின் விளைவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கில் மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கில் மணல் வராமல் கரை தேய்ந்தது. தெற்கே ஜனங்கள் சுண்டல் சாப்பிடும் மணல், வடக்கே வர வேண்டிய மணல். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கொட்டிக் கிடக்கும் பாறைகளும் கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளும் அந்த நஷ்டத்தின் மிச்சம்.

இடது பக்கம் ஆலைகள், எண்ணெய்த் தொட்டிகள், கன்டெய்னர் கிடங்குகள். அதற்கும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டி மணலி. எல்லாம் போய்ச் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் வாய் அது. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று அந்த வாயைச் சுற்றி மீனவர் குப்பங்கள். ஆற்றில் இறங்கிக் கையாலேயே எறா பிடிப்பவர்கள் இருக்கும் ஊர்கள்.

சென்னை மாவட்டம் இந்தக் கழிமுகத்தோடு முடிகிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம்.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? காமராஜர் துறைமுகம் இருக்கிறது, 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் என்ற பெயரில் திறந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். வல்லூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம். செப்பாக்கத்தை ஒட்டிச் சாம்பல் குளம். அத்திப்பட்டில் 'வட சென்னை அனல் மின் நிலையம்', அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட்.

கடைசிப் பெயரை இன்னொரு முறை படியுங்கள். வட சென்னை அனல் மின் நிலையம் சென்னை மாவட்டத்தில் இல்லை. எண்ணூரில் இருந்த பழைய அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். அதே இடத்தில் புதிதாக 660 மெகாவாட் கட்டுவது தனிக்கதை. ஆகவே சென்னை மாவட்டத்தின் புள்ளிவிவரப் புத்தகத்தைப் புரட்டினால், அதில் ஓடிக்கொண்டிருக்கும் நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்றுகூட இருக்காது. சுத்தமான மாவட்டம்! பெயர் மட்டும் நம்முடையது. புகையும் நம்முடையது. பொறுப்பு வேறு ஊர்க் கணக்கில்.

*

இனி ஜனங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. பரப்பளவு 175 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். இந்த எண் பிரபலமானது. போட்டித் தேர்வு எழுதிய எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

அதே 2011 அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் கலைந்து மண்டலங்களாயின. திருவொற்றியூர் முதல் மண்டலம். 1 முதல் 14 வரை வார்டுகள் நம்முடையவை. ஆனால் மாவட்டம் மாறவில்லை. ஏழு வருடம் மாநகராட்சி சென்னை, மாவட்டம் திருவள்ளூர். 2018-இல்தான் மாவட்ட எல்லையையும் மாநகராட்சி எல்லைக்கு இழுத்தார்கள். அதே 2011 கணக்கை இந்தப் புதிய எல்லைக்குக் கூட்டினால் சுமார் 67 லட்சம் பேர். 426-ஆல் வகுத்தால் 16,000-க்கும் கீழே. யாரும் வீடு மாறவில்லை, யாரும் சாகவில்லை. நெரிசல் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது!

என் தொழிலில் இதற்கு ஒரு எளிய பாடம் உண்டு. சராசரி தப்பாக வந்தால் மேலே இருக்கும் எண்ணைச் சந்தேகப்படாதே, கீழே இருக்கும் எண்ணைப் பார். வட சென்னையில் கீழே இருக்கும் எண் எப்போதும் ஏமாற்றும். ராயபுரத்தில் துறைமுக நிலமும் ரயில்வே நிலமும், மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் தொட்டிகளும், திருவொற்றியூரில் தொழிற்சாலை வளாகங்களும் பரப்பளவில் சேர்கின்றன. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. அவற்றைச் சேர்த்து வகுக்கும்போது வார்டு காலியாக இருப்பதுபோலத் தெரியும். அந்தக் காலி இடத்துக்கு நடுவே ஒரு குப்பத்தில் ஒண்டுக் குடித்தனமாக ஒருவர் மேல் ஒருவர் அடுக்கி வாழ்வது சராசரியில் தெரியாது. "உங்க ஏரியாவுல அடர்த்தி கம்மிங்க" என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே சொன்னார்கள். அடர்த்தி கம்மிதான், பெட்ரோல் தொட்டியையும் ஆளாக எண்ணிக்கொண்டால்.

இன்னொரு கணக்கு. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டம் 7 சதவீதம் வளர்ந்தது. திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம். பத்திரிகைகள் 'சென்னை நிரம்பிவிட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது' என்றார்கள். அந்த 35 சதவீதத்துக்குள் அம்பத்தூரும் ஆவடியும் மாதவரமும் நாங்களும் இருந்தோம். சென்னை நிற்கவில்லை. சென்னை கோட்டுக்கு வெளியே போய் வளர்ந்தது. வெளியே வளர்ந்ததால் உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்த பேருந்து, குழாய், மருத்துவமனை வெளியே வர இன்னொரு தலைமுறை ஆனது.

எண்ணப்படாதவர்களும் உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களில் ஓட்டுநரும் கிளீனரும் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்குகிறார்கள். அந்தப் புகையை எங்களைவிட அதிகம் குடிப்பவர்கள் அவர்கள்தான். மக்கள்தொகைக் கணக்கு 'வழக்கமாக வசிக்கும் இடத்தை'க் கேட்கும். அவர்களுடைய வழக்கமான இடம் திருநெல்வேலியிலோ பீகாரிலோ இருக்கும். எண்ணூரின் எண்ணில் அவர்கள் இல்லை.

*

என் அப்பா 2014-இல் இறந்தார். இறப்புச் சான்றிதழ் மாநகராட்சி தந்தது, அதாவது சென்னை. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர், அதாவது திருவள்ளூர் மாவட்டம். ஒரு அலுவலகத்தில், "இறப்பு சென்னைல ரெஜிஸ்டர் ஆயிருக்கு, நீங்க சென்னைலயே கேட்டுப் பாருங்க" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், "வீடு எங்க லிமிட் இல்லியே தம்பி" என்றார்கள். ஐந்து மாதம் அலைந்தேன். நான் இன்ஜினியரிங் படித்தவன், லீவ் போட முடியும், ஆங்கிலத்தில் மனு எழுத முடியும். எனக்கே ஐந்து மாதம்.

இதைப் பெரிய துயரமாகச் சொல்லவில்லை. ஒரு சான்றிதழ் தாமதமானது, பிறகு வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லையில் இருப்பவனிடம் யாரும் 'முடியாது' என்று சொல்வதில்லை. 'அங்கே போ' என்றுதான் சொல்வார்கள். 'முடியாது' என்றால் சண்டை போடலாம், வழக்குப் போடலாம். 'அங்கே போ' என்றால் போகத்தான் முடியும்.

சில வருடம் கழித்து எண்ணூர்ப் பாலத்துக்குக் கீழே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதையே என்னைவிட நன்றாகச் சொன்னார். "தம்பி, அந்தாண்ட சாம்பத் தண்ணி வுட்டா இந்தாண்ட எறா சாவுது. அங்க போய்க் கேட்டா உங்க கலெக்டராண்ட போன்றாங்க. இங்க வந்தா, கம்பெனி எங்க பக்கம் இல்லன்றாங்க. நான் நடு ஆத்துல நின்னுகினா யார்னா வருவாங்களா?"

அவர் கேட்டது கிண்டல் இல்லை, நிர்வாகக் கேள்வி. நிர்வாகப் பதிலே தருகிறேன். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி பேரிடரைக் கையாளும் ஆணையம் மாவட்ட அளவில் இருக்கிறது, தலைவர் ஆட்சியர். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி, ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கான அவசரத் திட்டமும் மாவட்ட அளவில்தான். 1996 ரசாயன விபத்து விதிகளின்படி நெருக்கடிக் குழுவும் மாவட்ட அளவில், அதற்கும் தலைவர் ஆட்சியர். ஆக, 'ஆபத்து வந்தால் யாரை எங்கே ஓடச் சொல்வது' என்ற கேள்விக்கான மொத்தச் சட்டமும் மாவட்டம் என்ற பெட்டியின் மேல் நிற்கிறது. எங்கள் மாவட்டக் கோடோ ஆபத்துக்கும் ஆட்களுக்கும் நடுவிலேயே ஓடுகிறது.

நடந்தவற்றைப் பாருங்கள். 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவில்லை என்றார்கள். அடுத்த சில நாளில் எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளி வாளியாகக் கறுப்புக் கசடை அள்ளிக்கொண்டிருந்தார்கள். துறைமுகம் வேறு ஊர், வாளி நம் ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தின் இரு கரையையும் கறுப்பாக்கியது. படகும் வலையும் போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தை ஒட்டிய உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எப்போதும் சொல்லியிருக்கவில்லை. அந்த இரவில் காற்று வடக்கே திரும்பியிருந்தால் ஓட வேண்டியவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு திட்டம், வேறு ஆட்சியர், வேறு தொலைபேசி எண்.

இதை வெறும் தற்செயல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாண்டதால் ராயபுரம் பக்கத்து வீடுகளில் கரித்தூசி படிந்தது. வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. 2011 அக்டோபரோடு நின்றது. நல்ல தீர்ப்பு, ராயபுரத்து ஜனம் மூச்சு விட்டது. கரி எங்கே போனது? எண்ணூருக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம். சென்னை மாவட்டத்தின் ஒரு பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கு முடிந்தது. தீரவில்லை, பெட்டி மாறியது. கரி போன அதே 2011 அக்டோபரில்தான் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சிக்குள் வந்தன. ஜனத்தை உள்ளே எடுத்துக்கொண்டார்கள், கரியை வெளியே வைத்தார்கள்.

*

இப்போது கொஞ்சம் தூரம் போகலாம். உலகத்தின் மறுபக்கத்தில், பெருவின் தலைநகர் லிமாவை ஒட்டி கயாவோ என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. கப்பல் சரக்கு மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தபோது துறைமுகப் பட்டியலில் இந்தப் பெயரைத் தினமும் பார்த்தேன். ஒருநாள் சும்மா தேடிப் படித்தேன். பிறகு விட முடியவில்லை.

கயாவோவின் பரப்பளவு சுமார் 147 சதுர கிலோமீட்டர். 2017 கணக்கெடுப்பில் சுமார் 10 லட்சம் பேர். மேற்கே பசிபிக் கடல், மற்ற பக்கமெல்லாம் லிமா. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே ஊர். ஆனால் 1857-இலிருந்து கயாவோ தனி மாகாண அந்தஸ்து கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரு பிராந்திய அரசுகளை அமைத்தபோது கயாவோவுக்கும் தனியாக ஒரு தேர்ந்தெடுத்த பிராந்திய அரசு கிடைத்தது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, விமான நிலையம், மீனவர், கூலிகள், எல்லோரும் ஒரே கோட்டுக்குள். தலைநகரின் பின்வாசல் என்று யாரும் அதைத் தள்ளிவிட முடியாதபடி ஒரு பெயர், ஒரு கணக்கு, ஒரு தேர்தல்.

உடனே கயாவோ சொர்க்கம் என்று எழுதப் போகிறேன் என நினைக்காதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. கனிமத்தூளைத் திறந்தவெளியில் குவித்ததும் லாரியில் ஏற்றியதும் காரணம். அதன் ஆளுநர் ஒருவர் ஊழல் வழக்கில் தண்டனையும் பெற்றார். தனி அரசு இருந்தும் இதெல்லாம் நடந்தது. ஆனால் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த எண்கள் இருந்தன. 'கயாவோவின் குழந்தைகள்' என்று சொல்ல ஒரு ஊர் இருந்தது. 2014-இல் கனிமத்தூளை மூடிய குழாய்ப் பட்டையில் நேராகக் கப்பலுக்குக் கொண்டுபோகும் அமைப்பு வந்தது. ராயபுரத்துக் கரிக்கு நாம் செய்ததுபோல அடுத்த மாவட்டத்துக்குத் தள்ளிவிட கயாவோவால் முடியவில்லை. தள்ள இடமில்லை. உள்ளேயே மூட வேண்டியிருந்தது.

2022 ஜனவரி 15, கயாவோவின் வடக்கு மூலையில் வெந்தனியா என்ற இடத்தில் கப்பலிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய் இறக்கும்போது கசிந்தது. முதலில் ஒரு பீப்பாய்கூட இல்லை என்று சொன்னது நிறுவனம். கடைசியில் 10,000 பீப்பாய்க்கும் மேல். எண்ணெய் கயாவோ எல்லையோடு நிற்கவில்லை, வடக்கே லிமாவின் கடற்கரைகளுக்கும் போனது. எண்ணூர்க்காரன் எவனுக்கும் இந்தக் கதையின் ஒவ்வொரு கட்டமும் முன்பே தெரியும். கோட்டை எங்கே போட்டாலும் கடல் அதைத் தாண்டும். இதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு இது எதிராகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தண்ணீர் எப்படியும் தாண்டும் என்று தெரிந்த பிறகு, கணக்கு மட்டும் ஏன் கோட்டோடு நிற்க வேண்டும்?

*

மறுப்புகள் இருக்கின்றன. நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலம் முழுமைக்குமானது. பசுமைத் தீர்ப்பாயம் மாவட்டம் பார்ப்பதில்லை. அப்புறம் மாவட்ட எல்லை என்ன தடை?" உண்மைதான். எண்ணூருக்கு இதுவரை கிடைத்த கொஞ்சநஞ்ச நியாயமும் அப்படி மேலே போய் வாங்கியதுதான். ஆனால் தீர்ப்பாயம் வருவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அமோனியா கசியும் இரவு பதினொன்றே முக்காலுக்கு தீர்ப்பாயம் வராது. அப்போது வர வேண்டியது மாவட்டம்.

இரண்டு: "கோடு எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? ஆற்றில் போடுவதுதானே உலக வழக்கம்?" ஆறு இயற்கையான எல்லை என்பது நிலத்தை மட்டும் பார்ப்பவன் பேச்சு. ஆற்றில் தொழில் செய்பவனுக்கு ஆறுதான் ஊரின் நடு. இரு கரைக் குப்பங்களும் ஒரே நீரில்தான் பாடு பார்க்கின்றன. அவர்கள் ஊரின் நடுவில் கோடு போட்டுவிட்டு அதை இயற்கை என்கிறோம். போதாததற்கு, 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு வந்த வரைபடத்தில் காணாமல் போனது என்று 2017-இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஆற்றையே வரைபடத்தில் அழிக்க முடியுமானால், மாவட்டக் கோட்டை மட்டும் ஏன் கல்வெட்டாக நினைக்க வேண்டும்?

மூன்று, இதுதான் கனமானது: "ஆலைகளையும் குப்பங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தனி நிர்வாகப் பகுதி ஆக்கினால், அதை அதிகாரபூர்வமான குப்பைத்தொட்டி ஆக்கிவிடுவார்கள். சென்னை மாவட்டத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு." எனக்கும் இந்தப் பயம் உண்டு. செப்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால், சென்னை என்ற பெயர்கூட இல்லாமல் சாம்பல் குளத்தோரம் வாழ்வது எப்படி என்று சொல்வார்கள். அதனால்தான் தனி மாவட்டம் கேட்கவில்லை. ஒரே கணக்குக் கேட்கிறேன்.

அது முடியாத காரியமும் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் ஆலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே வரும் எல்லா ஊர்களையும் ஜனத்தொகையையும் எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வட்டம் மாவட்டம் பார்ப்பதில்லை. அதாவது ஆலை கட்ட அனுமதி வாங்கும்போது நமக்கு வட்டம் போடத் தெரிகிறது. கட்டி முடித்த பிறகு, விபத்துக்கும் நோய்க்கும் மட்டும் மாவட்டக் கோட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அந்த 660 மெகாவாட் விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பெண்கள் எழுந்து பிள்ளைகளின் மூச்சிரைப்பைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், நாட்டிடம் இருந்த கடைசி முழு எண் 2011-ஐச் சேர்ந்தது. பதின்மூன்று வருடம் பழைய எண். அதற்குள் பிறந்த குழந்தை எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கும். அரசாங்கக் கணக்கில் அது இன்னும் பிறக்கவில்லை.

*

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்புக்காக மாவட்ட, வட்ட எல்லைகளை அப்படியே உறையவைத்துவிடுவார்கள். எனவே கோட்டை இப்போது நகர்த்த முடியாது. நான் கேட்பதற்குக் கோடு நகரவும் வேண்டாம்.

எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் வரும் சென்னை வார்டுகள், திருவள்ளூர் ஊராட்சிகள் இரண்டின் எண்களையும் சேர்த்து ஒரே அட்டவணையாக வெளியிடுங்கள். அடர்த்தி கணக்கிடும்போது ஆலை நிலத்தைக் கழித்துவிட்டு, ஜனம் குடியிருக்கும் நிலத்தால் வகுங்கள். வண்டியில் தூங்குபவர்களைத் தனியாக எண்ணுங்கள். அந்த அட்டவணையை வைத்து இரண்டு ஆட்சியர்களும் சேர்ந்து ஒரே அவசரத் திட்டம் போடட்டும். ஒரே அபாயச் சங்கு, ஒரே தொலைபேசி எண், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று குப்பத்துக்குக் குப்பம் தமிழில் ஒரு பலகை. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. புது மாவட்டம் தேவையில்லை. இரண்டு கையெழுத்து போதும்.

நம்மிடம், அதாவது இதைப் படிக்கும் உங்களிடமும் எழுதும் என்னிடமும், கேட்பது இன்னும் சின்னது. வட சென்னையை அடுத்த முறை கதையில், கவிதையில், விமர்சனத்தில் எழுதும்போது காசிமேட்டில் நிறுத்திவிடாதீர்கள். பேருந்து ஏறி எண்ணூர் வரை வாருங்கள். பாலத்தில் இறங்கி நின்று பாருங்கள். தெற்கே சென்னை, வடக்கே திருவள்ளூர், கீழே ஓடும் ஆற்றில் இடுப்பளவு நீரில் குனிந்து எறா தேடும் ஒரு பெண். அவர் எந்த மாவட்டம் என்று ஒரு படிவம் அவரைக் கேட்கும். அந்தப் பெட்டியை எழுதுபவன் நான்தான். இப்போதைக்கு அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.